கார் ஏசி தண்ணீர்: காயிலை மாற்றும் முன் காருக்கு அடியில் பாருங்கள்

(நீண்ட பதிவு. கார் வைத்திருப்பவர்களும் கார் ஓட்டிப் பிழைப்பவர்களும் பொறுமையாகப் படிக்க வேண்டுகிறேன்.)



ஏசி போட்டுக்கொண்டு போகும்போது முன்சீட்டில் இடப்பக்கம் உட்காருபவரின் காலடியில் ஈரம். மேட்டைத் தூக்கினால் அடியில் தண்ணீர். சில கார்களில் டேஷ்போர்டுக்குக் கீழிருந்து சொட்டுச் சொட்டாக விழும். வளைவில் திரும்பும்போது சளக்கென்று காலில் கொட்டும்.

இந்தப் புகாரோடு பட்டறைக்குப் போனால் இப்போதெல்லாம் இரண்டு பதில்தான் கிடைக்கிறது. "கேஸ் கம்மியா இருக்கு சார், ஃபில் பண்ணிடலாம்." இல்லையென்றால், "கூலிங் காயில் லீக் சார், டேஷ்போர்டை இறக்கி மாத்தணும்." முதல் பதிலுக்கு இரண்டாயிரம், மூவாயிரம். இரண்டாவது பதிலுக்குப் பத்தாயிரத்துக்கு மேல். காரைப் பொறுத்து இன்னும் ஏறும்.

தண்ணீர் ஒழுகுகிறது என்ற ஒரே புகாருக்கு இந்த இரண்டு பதில்களில் எதைச் சொன்னாலும், சொன்னவர் ஒன்று பார்க்காமல் சொல்கிறார், அல்லது பார்த்துவிட்டு மறைக்கிறார். இதைச் சொல்ல பொறியியல் பட்டம் தேவையில்லை. ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் முடித்துவிட்டு ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளிகளில் அறிவியலும் கணக்கும் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். அந்தப் பள்ளிப் பாடத்தை வைத்தே இதை நிரூபிக்க முடியும்.

ஒரு டம்ளரில் ஐஸ் தண்ணீர் ஊற்றி மேசையில் வையுங்கள். ஐந்து நிமிடத்தில் வெளிப்பக்கம் முத்து முத்தாக நீர் கோத்துக்கொள்ளும். டம்ளரில் ஓட்டையா? இல்லை. வெளிக்காற்றில் கண்ணுக்குத் தெரியாமல் கலந்திருக்கும் நீராவி, குளிர்ந்த பரப்பில் பட்டுத் தண்ணீராகிறது. ஆவி சுருங்குதல் என்று பாடத்தில் படித்தது இதுதான். கோடிட்ட இடத்தை நிரப்பி மதிப்பெண் வாங்கிய கையோடு மறந்துவிட்ட அதே விஷயம்.

காரில் அந்த டம்ளரின் வேலையைச் செய்வதுதான் கூலிங் காயில். டேஷ்போர்டுக்குள் ஒரு பிளாஸ்டிக் பெட்டியில், அலுமினியக் குழாயும் மெல்லிய தகடுகளுமாக இருக்கும். காயிலுக்கு உள்ளே ஓடுவது குளிரூட்டும் வாயு. காயிலுக்கு வெளியே, தகடுகளின் இடுக்கு வழியாக, காற்றாடி காற்றைத் தள்ளுகிறது. காற்று குளிர்கிறது. அதிலிருந்த ஈரம் தகடுகளில் படிந்து தண்ணீராகி, பெட்டியின் அடியில் வடிகிறது. ஏசி நன்றாக வேலை செய்தால் தண்ணீர் வரத்தான் செய்யும்.

சொல்லப்போனால் ஏசி பிறந்ததே காற்றிலிருந்து ஈரத்தைப் பிரிப்பதற்காகத்தான். 1902-ல் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் ஓர் அச்சகத்தில், காற்றின் ஈரத்தால் தாள் விரிந்தும் சுருங்கியும் வண்ணங்கள் ஒன்றின்மேல் ஒன்று சரியாக உட்காரவில்லை. அதைத் தீர்க்க வில்லிஸ் கேரியர் என்ற இளம் பொறியாளர், குளிர்ந்த குழாய்களின் மேல் காற்றைச் செலுத்தி ஈரத்தைப் பிரிக்கும் ஏற்பாட்டை வடிவமைத்தார். மனிதனுக்குக் குளுகுளுவென்று இருக்க வேண்டும் என்பதெல்லாம் பிறகு வந்தது.

எவ்வளவு தண்ணீர் வரும்? கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். நாகப்பட்டினம், காரைக்கால், சென்னை மாதிரி கடலோர ஊரில் 35 டிகிரி வெயில், 60 சதவீத ஈரப்பதம் என்று வைத்துக்கொள்வோம். அந்தக் காற்றில் ஒரு கன மீட்டருக்கு ஏறக்குறைய 24 கிராம் நீராவி இருக்கும். அதே காற்றை 10 டிகிரிக்குக் குளிரவைத்தால் அதனால் 9 கிராம் அளவுக்குத்தான் தாங்க முடியும். மீதி 14, 15 கிராம் தண்ணீராகிக் கீழே விழுந்தே ஆக வேண்டும். மணிக்கு 100 கன மீட்டர் வெளிக்காற்று காயிலைக் கடந்தால் ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய ஒன்றரை லிட்டர். உள்காற்றையே சுற்றவிட்டால் குறையும். ஆனாலும் நம் மூச்சும் வியர்வையும் கதவு திறக்கும்போது நுழையும் காற்றும் சேர்ந்து தண்ணீர் வந்துகொண்டேதான் இருக்கும்.

இவ்வளவு தண்ணீரும் வெளியேற ஒரே வழி, பெட்டியின் அடியிலிருந்து எஞ்சின் பக்கத் தகரச் சுவரைத் துளைத்துக்கொண்டு வெளியே போகும் விரல் தடிமன் ரப்பர்க் குழாய். ட்ரெயின் ட்யூப் என்பார்கள். ஏசி ஓடும் காரை நிறுத்தினால் அடியில் தரை நனைந்திருக்கிறதே, அது இந்தக் குழாய் வழியாக வருவதுதான். அந்தக் குழாய் அடைத்துக்கொண்டால் பெட்டி நிரம்பும். நிரம்பினால் காருக்குள் வழியும். வீட்டில் குளியலறை வடிகால் அடைத்தால் தண்ணீர் கூடத்துக்கு வருகிற மாதிரி. அதற்காக யாராவது மேலே இருக்கும் குழாயை மாற்றுவார்களா?

இப்போது அந்த இரண்டு பதில்களுக்கு வருவோம்.

"கூலிங் காயில் லீக், அதனால தண்ணி வருது" என்பது அப்பட்டமான பொய். காயிலுக்குள் தண்ணீரே கிடையாது. உள்ளே இருப்பது வாயுவும் கொஞ்சம் எண்ணெயும். காயிலில் ஓட்டை விழுந்தால் வாயு வெளியேறும், குளிர்ச்சி குறையும், கடைசியில் நின்றே போகும். ஒருபக்கம் காலடியில் லிட்டர் கணக்கில் தண்ணீர் தேங்குகிறது, மறுபக்கம் ஏசி ஜில்லென்று வேலை செய்கிறது என்றால், காயில் தன் வேலையை ஒழுங்காகச் செய்கிறது என்றுதான் அர்த்தம். நல்ல காயிலைக் கழற்றிப் போட்டுவிட்டுப் புதியதை மாட்டி, அப்படி மாட்டும்போது பழைய குழாயையும் சுத்தம் செய்துவிடுகிறார்கள். தண்ணீர் நின்றுவிடுகிறது. "பாத்தீங்களா சார், காயில்தான் பிரச்சினை" என்கிறார்கள். நாமும் நம்பி, நாலு பேருக்கு அதே இடத்தைச் சிபாரிசு செய்கிறோம்.

"கேஸ் கம்மி" என்பதில் ஒரு துளி உண்மை உண்டு. அதையும் மறைக்காமல் சொல்கிறேன். வாயு குறைந்தால் காயிலின் ஒரு பகுதி அளவுக்கு மீறிக் குளிர்ந்து பனிக்கட்டி பிடிக்கும். அது உருகும்போது ஒரேயடியாகத் தண்ணீர் கொட்டும். ஆனால் அதற்கு அடையாளம் உண்டு. அரை மணி, ஒரு மணி நேரம் ஓடியதும் காற்றின் வேகம் குறையும், குளிர்ச்சி போகும். ஏசியைக் கொஞ்ச நேரம் நிறுத்திவைத்தால் திரும்ப வரும். இந்த அடையாளம் எதுவும் இல்லாமல் கேஸ் என்று சொன்னால் நம்பாதீர்கள். இன்னொன்று, இந்த வாயு பெட்ரோல் மாதிரி எரிந்து தீர்வதல்ல. மூடிய குழாய்க்குள் சுற்றிக்கொண்டிருப்பது. குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது. கசிவைக் கண்டுபிடிக்காமல் நிரப்புவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுவதுதான். பெரும்பாலான கார்களில் இருக்கும் ஆர்-134ஏ வாயு, அதே எடை கரியமில வாயுவை விட ஆயிரம் மடங்குக்கு மேல் பூமியைச் சூடாக்கக் கூடியது. நம் பணமும் போகிறது, ஊருக்கும் கேடு.

என்னிடம் படித்த பிள்ளை ஒருவர் கடன் போட்டு கார் வாங்கி வாடகைக்கு ஓட்டுகிறார். பெயர் வேண்டாம். ஒரு நாள் பன்னிரண்டாயிரம் ரூபாய் கைமாற்றாகக் கேட்டு வந்தார். ஒரு பட்டறையில் கேஸ் நிரப்பி 2,500 போயிருக்கிறது. பத்தே நாளில் மறுபடி தண்ணீர். இன்னொரு இடத்தில் காயில் மாற்ற 16,000 சொல்லியிருக்கிறார்கள். வண்டி இரண்டு நாள் அங்கேயே நிற்க வேண்டும். அந்த இரண்டு நாள் வாடகையும் இல்லை, மாதத் தவணை மட்டும் நிற்காது. மேட் ஊறி நாற்றம் அடிக்க ஆரம்பித்ததால், வழக்கமாக மருத்துவமனைக்குக் கூட்டிப்போகும் பெரியவர் ஒருவர் வேறு வண்டி பார்த்துக்கொண்டாராம்.

"ஏசி நல்லா குளுருதா தம்பி?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் ஜம்முனு இருக்கு சார்."

"வண்டிக்கு அடியில தண்ணி சொட்டுதா?"

யோசித்தார். "முன்னாடி சொட்டும் சார். இப்ப ரெண்டு மாசமா சொட்டுறதில்ல."

"அப்ப அந்தத் தண்ணி எங்க போகுது?"

அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. வேப்பமரத்தடியில் நிறுத்தும் வண்டி. கண்ணாடிக்கு முன்னால் வெளிக்காற்று போகும் சல்லடை வழியாகப் பூவும் சருகும் உள்ளே போயிருக்கின்றன. ஏசி ஃபில்டரை யாரோ கழற்றிவிட்டுத் திரும்ப மாட்டவே இல்லை. எங்கள் கடைத்தெருவில் ஒரு பழைய மெக்கானிக் இருக்கிறார். அவரிடம் போனோம். வண்டியை ஏற்றிவைத்து, குழாயின் வாயில் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் டியூபை விட்டு ஆட்டினார். கருஞ்சேறு மாதிரி ஒரு உருண்டை விழுந்தது. பின்னாலேயே ஒரு செம்புத் தண்ணீர். பத்து நிமிட வேலை. "நூறு ரூவா குடுங்க சார்" என்றார். ஐந்நூறு கொடுக்கச் சொன்னேன். அவர் வாங்கக் கூச்சப்பட்டார்.

நான் கோபப்படுவது அந்தக் கூச்சத்தைப் பற்றித்தான். ஏமாற்றுகிற பட்டறையைத் திட்டுவது சுலபம். ஆனால் அந்தப் பட்டறையை உண்டாக்கியது யார்?

ஒரு மெக்கானிக் அரை மணி நேரம் வண்டியைப் பார்த்து, "ஒண்ணுமில்ல சார், குழாய் அடைச்சிருந்துச்சு, எடுத்துட்டேன், ஐந்நூறு" என்றால் நமக்கு வயிறு எரிகிறது. "ஒரு சாமான்கூட மாத்தல, இதுக்குப் போய் ஐந்நூறா?" என்று சண்டைக்குப் போகிறோம். அதே ஆள் புது அட்டைப்பெட்டியைக் காட்டி, "ஒரிஜினல் காயில் சார், வாரண்டியோட" என்றால் 16,000 ரூபாயைச் சத்தமில்லாமல் எடுத்துக் கொடுக்கிறோம். பொருளுக்குக் கொடுப்போம், அறிவுக்குக் கொடுக்க மாட்டோம். கோளாறைக் கண்டுபிடிப்பதற்குக் கூலியே இல்லாத ஊரில் எவன் கண்டுபிடிப்பான்? மாற்றுகிறவன்தான் பிழைப்பான். நேர்மையாகப் பார்த்துச் சொல்கிறவன் நூறு ரூபாய் கேட்கவே கூச்சப்பட்டுக்கொண்டு மரத்தடியில் உட்கார்ந்திருப்பான். அவனுடைய மகன் இந்தத் தொழிலுக்கு வர மாட்டான்.

இன்னொரு கூட்டம் இருக்கிறது. "இப்ப வர்ற வண்டியெல்லாம் கம்ப்யூட்டர் சார், நமக்கெல்லாம் புரியாது" என்று சொல்லி ஒதுங்கிக்கொள்பவர்கள். படித்தவர்கள்தான் இதை அதிகம் சொல்கிறார்கள். எஞ்சினில் எத்தனை கம்ப்யூட்டர் வேண்டுமானாலும் இருக்கட்டும். தண்ணீர் மேலிருந்து கீழேதான் ஓடும். குழாய் அடைத்தால் நிரம்பி வழியும். இதற்கு சாஃப்ட்வேர் அப்டேட் எதுவும் வரவில்லை. பிள்ளைக்கு லட்சக்கணக்கில் கட்டணம் கட்டி அறிவியல் படிக்க வைக்கிறோம். அந்தப் பிள்ளையும் அப்பாவும் சேர்ந்து குனிந்து காருக்கு அடியில் பார்க்க மட்டும் மாட்டோம். கையில் அழுக்குப் படுகிற வேலை என்றால் அது வேறு யாருடையதோ என்ற நினைப்பு. அந்த நினைப்புக்கு நாம் கட்டும் அபராதம்தான் இந்தப் பதினாறாயிரம்.

சரி, என்ன செய்ய வேண்டும்?

முதலில் அது ஏசி தண்ணீர்தானா என்று பாருங்கள். நிறமும் வாசனையும் இல்லாமல் வெறும் தண்ணீராக இருந்து, ஏசி ஓடும்போது மட்டும் வந்தால் ஏசி தண்ணீர். ஏசி போடாமலேயே மழை பெய்த பிறகு வந்தால் கண்ணாடி ரப்பர், கதவு ரப்பர், கண்ணாடிக்கு அடியிலுள்ள மழைநீர் வழி ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். பச்சை, இளஞ்சிவப்பு மாதிரி நிறத்தோடு, பிசுபிசுப்பாக, இனிப்பான வாசனையோடு இருந்தால் அது ரேடியேட்டர் கூலண்ட். ஹீட்டர் கசிகிறது. அதைத் தள்ளிப்போடக் கூடாது. கூலண்ட் குறைந்தால் எஞ்சின் சூடாகிக் கெட்டுவிடும். அது விஷமும்கூட. குழந்தைகளையும் நாய் பூனையையும் அண்டவிடாதீர்கள்.

பிறகு, திறந்தவெளியில் சமதரையில் காரை நிறுத்தி, ஏசியை இருபது நிமிடம் ஓடவிட்டு, அடியில் தரையைப் பாருங்கள். புழுக்கமான நாளில் தரை நனையவில்லை, உள்ளே மட்டும் நனைகிறது என்றால் குழாய் அடைப்புதான் முதல் சந்தேகம். தரையிலும் சொட்டி உள்ளேயும் வந்தால், குழாய் பாதி அடைத்திருக்கலாம், உள்பக்கம் நழுவியிருக்கலாம், பெட்டியில் விரிசல் இருக்கலாம், குளிர்ந்த குழாயின் மேல் சுற்றியிருக்கும் நுரைப்பட்டை பிய்ந்திருக்கலாம். டேஷ்போர்டைக் கழற்றி வேறு ஏதாவது வேலை பார்த்த பிறகு தண்ணீர் வர ஆரம்பித்திருந்தால் குழாய் நழுவியிருக்கத்தான் அதிக வாய்ப்பு.

சுத்தம் செய்வதில் சில எச்சரிக்கைகள். வெறும் ஜாக்கியை நம்பி ஒருபோதும் காருக்கு அடியில் போகாதீர்கள். அது உயிர் போகும் வேலை. பட்டறையில் ஏற்றிவைத்துச் செய்யச் சொல்லுங்கள். எஞ்சின் ஆறியிருக்க வேண்டும். கூரான கம்பியை உள்ளே குத்தக் கூடாது. அலுமினியக் காயிலில் பட்டால், அதுவரை இல்லாத ஓட்டை அப்போதுதான் உண்மையிலேயே விழும். வளையக்கூடிய, முனை மழுங்கிய பிளாஸ்டிக் டியூப் போதும். பஞ்சர் கடை கம்ப்ரஸரை வைத்துக் கீழிருந்து வேகமாகக் காற்றடித்தால் குழாய் உள்ளே கழன்றுகொள்ளும், அழுக்கெல்லாம் மின்சாதனங்களின் மேல் தெறிக்கும். ஈரம் உறிஞ்சும் வேக்குவம் இருந்தால் கீழிருந்து உறிஞ்சி எடுப்பதே நல்லது.

அடைப்பு எடுத்தபின் ஏசி ஃபில்டரைப் பாருங்கள். பெரும்பாலான கார்களில் டேஷ்போர்டின் இடப்பக்கப் பெட்டிக்குப் பின்னால் இருக்கும். கருவி இல்லாமலே கழற்றலாம். அழுக்கேறியிருந்தால் மாற்றுங்கள். பல கார்களுக்குச் சில நூறு ரூபாய்தான். அது அடைத்துக்கொண்டால் காற்றோட்டம் குறைந்து காயிலில் பனி பிடிக்கும். அது இல்லாமலே ஓட்டினால் சருகும் தூசியும் நேராகக் காயிலில் போய் உட்காரும்.

ஈரத்தை அப்படியே விட்டுவிடாதீர்கள். மேலே இருக்கும் மேட் காய்ந்துவிடும். அடியில் இருக்கும் நுரை தண்ணீரைக் குடித்துவைத்திருக்கும். விரிப்பைத் தூக்கி, கதவுகளைத் திறந்துவைத்து, வெயிலில் நன்றாகக் காயவிடுங்கள். விட்டால் பூஞ்சை பிடித்து நாறும், தரைத்தகடு துருப்பிடிக்கும், சீட்டுக்கு அடியில் போகும் மின்இணைப்புகளில் பாசி பிடிக்கும். ஆஸ்துமா உள்ளவர்களும் குழந்தைகளும் அந்தக் காற்றைத்தான் சுவாசிக்கிறார்கள்.

பட்டறையில் காயில் என்று சொன்னால் மூன்று கேள்வி கேளுங்கள். "ட்ரெயின் ட்யூபைச் சுத்தம் பண்ணிப் பாத்தீங்களா?" "காயில் லீக்குன்னா ஏசி எப்படிக் குளிருது?" "லீக் எந்த இடத்துலன்னு சோதனை பண்ணிக் காட்டுவீங்களா?" கசிவு உண்மையாக இருந்தால், ஒளிரும் சாயம் செலுத்தியோ நைட்ரஜன் அழுத்தம் கொடுத்தோ கருவி வைத்தோ காட்ட முடியும். எந்தப் பொருளை மாற்றினாலும் பழையதைக் கேட்டு வாங்குங்கள். ரசீது இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி ரசீது தராததே முறையற்ற வணிக நடைமுறை. ஏமாற்றியது தெரிந்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில், நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மனுவுக்குக் கட்டணமே கிடையாது.

இதெல்லாம் கேட்டால் எல்லா மெக்கானிக்கும் கோபப்படுவார்கள் என்று நினைக்காதீர்கள். வேலை தெரிந்தவர் சந்தோஷமாகப் பதில் சொல்வார். தன் வேலையைப் புரிந்துகொள்ள ஒருவர் வந்திருக்கிறாரே என்று டீ வாங்கிக் கொடுப்பவர்களையும் பார்த்திருக்கிறேன். எரிந்து விழுகிறவரிடம் வண்டிச் சாவியைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள்.

அப்படி வேலை தெரிந்தவர் கிடைத்தால் தயவுசெய்து பேரம் பேசாதீர்கள். எந்தச் சாமானையும் மாற்றாமல் கோளாறைத் தீர்த்தவருக்குத்தான் அதிகக் கூலி சேர வேண்டும். உங்களுக்கு அவர் மிச்சப்படுத்திக் கொடுத்தது எவ்வளவு என்று நினைத்துக் கொடுங்கள்.

வாடகை வண்டி ஓட்டும் பிள்ளைகள் யாரையாவது உங்களுக்குத் தெரிந்தால் இதை அவர்களுக்கு அனுப்புங்கள். படிக்க நேரமில்லை என்றால் வாயால் சொல்லுங்கள்: உள்ளே தண்ணீர் வந்தால் முதலில் வெளியே தண்ணீர் சொட்டுகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். பகிர என்னிடம் அனுமதி கேட்க வேண்டாம். உங்கள் ஊரில் நேர்மையான ஏசி மெக்கானிக் இருந்தால் கருத்துப் பகுதியில் ஊர்ப்பெயரோடு சொல்லுங்கள். நாலு பேருக்கு உதவும், அவருக்கும் நாலு வண்டி கூடுதலாக வரும்.